வரிசையில் பதினோராவது பெயர்

குளுவாங்
6 ஜூலை 2025

தம்பி ரபீக்குக்கு உன் லாத்தா சபீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சானும் பிள்ளை ஷாஸியாவும் அல்லாஹ் கிருபையில் சுகம். பாசிர் கூடாங்கில் நீயும் வீட்டாரும் எப்படி? சின்னவனுக்கு இருமல் விட்டதா?

கடிதம் என்றதும் சிரிக்காதே. இருபது வருஷம் மிளகாய் மில்லுக்குப் பக்கத்தில் நின்று என் காது போனுக்கு உதவாமல் போய்விட்டது. வாட்சப்பில் எழுதினால் நீ நீல டிக்கைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். நம் மசாலாத் தூளை ஏற்றிக்கொண்டு மூர்த்தியின் வேன் பதினைந்து நாளைக்கு ஒருமுறை உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வருகிறது. அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பதில் வாங்காமல் அவன் அங்கிருந்து நகரமாட்டான், சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

விஷயம் கார். ஷாஸியாவுக்கு செடெனாக்கில் வேலை கிடைத்தது உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்களாமே, அந்த மையத்தில் டெக்னீஷியன். கம்பெனி பஸ் கூலாய் பக்கம்தான் ஓடுகிறது. இவள் மோட்டார் சைக்கிளில் போகிறாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பாதி தூரம் செம்பனைத் தோட்டத்து ரோடு. குலை ஏற்றிய லாரி போகும்போது எதிரே இவள் வருவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நவம்பர் மழைக்கு முன்னால் அவள் கார் ஏறிவிட வேண்டும்.

அவள் கேட்பது நீ விற்கிற அந்தப் புது வண்டியை. ஊரே அதைத்தான் கேட்கிறதாம். இங்கே உள்ள ஷோரூமில் விசாரித்தேன். பட்டியல் விலை அறுபத்திரண்டாயிரம் வெள்ளி. சரி என்றேன். "பேக்கேஜ் எடுத்தாத்தான் வரிசைல பேரு ஏறும், அக்கா" என்கிறான் அந்தப் பையன். கண்ணாடிக்கு டின்டட், மேலே ஏதோ பூச்சு, கால்மிதி, கேமரா. எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு. நம் மில்லுக்கு எதிர்க்கடைச் சீனர் எண்ணூறு வெள்ளிக்கு ஒட்டும் டின்டட்டுக்கு இவன் இரண்டாயிரத்து நானூறு போட்டிருக்கிறான். நான் கேட்டதற்கு "டிமாண்ட் அப்படி லா" என்கிறான். மல்லி விலை ஏறும்போது நானும் ஏற்றத்தான் செய்கிறேன். ஆனால் மல்லி கேட்டவளிடம் பெருங்காயத்தையும் வாங்கினால்தான் தருவேன் என்று நான் சொன்னதில்லை.

பத்து பகாட் ஊர் ஷோரூமிலும் விசாரித்தேன், அதே கதைதான். அதனால் உன்னிடம் வருகிறேன். காரின் விலை, ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ். இந்த மூன்று வரிக்கு மேல் நாலாவதாக ஒரு வரி பில்லில் இருக்கக்கூடாது. மீன்காரனிடம் ஐம்பது காசுக்கு அரை மணி நேரம் நிற்பவள் என்று என்னைக் கேலி செய்வாயே, உன்னிடம் நான் பேரம் பேசப்போவதில்லை. கூடப்பிறந்தவனிடம் என்ன பேரம்? நீ சொன்னால் அதுதான் விலை.

எல்லோருக்கும் என் ஸலாம் சொல்லு.

உன் லாத்தா
சபீதா

* * *

பாசிர் கூடாங்
20 ஜூலை 2025

பிரியமுள்ள லாத்தாவுக்கு, வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் இருமலை விட்டுவிட்டு இப்போது சளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். மச்சானுக்கு என் ஸலாம்.

மூர்த்தி ஷோரூம் வாசலிலேயே வேனை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். கஸ்டமர்கள் எல்லோர் மேலும் மசாலா வாசம்.

லாத்தா, கவலையை விடுங்கள். எங்கள் மேலாளர் மகேஸ்வரனிடம் பேசிவிட்டேன். பேக்கேஜ் இல்லாமல் விற்க அவருக்கு மனமே இல்லை. இந்த வண்டிக்குக் காத்திருப்பவர்கள் அவ்வளவு பேர், ஒருவர் வேண்டாம் என்றால் பத்து பேர் தயார். "சொந்த அக்கா, என் கமிஷனில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றேன். தலையாட்டினார். நீங்கள் கேட்ட மூன்று வரிதான் பில்லில் வரும். புக்கிங் போட்டுவிட்டேன். வெள்ளை நிறம், ஆட்டோ கியர், ஷாஸியா பெயரில். என் வரிசையில் பதினோராவது பெயர். மாதத்துக்கு நாலைந்து வண்டி எனக்கு வருகிறது, கணக்குப் பார்த்தால் செப்டம்பர் நடுவில் கை சேரும்.

வண்டி நம்பர் ஏதாவது மனதில் இருக்கிறதா என்று ஷாஸியாவைக் கேளுங்கள். துஆவில் என்னை மறந்துவிடாதீர்கள்.

தம்பி
ரபீக்

* * *

பாசிர் கூடாங்
21 செப்டம்பர் 2025

லாத்தாவுக்கு ஸலாம். நீங்களும் மச்சானும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போன தடவை மூர்த்தி வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம்.

ஒரு சின்ன சிக்கல். இந்த மாத வண்டிகளைப் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்லி மேலிடத்தில் உத்தரவு. நம் பெயர் பின்னால் போய்விட்டது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே பேக்கேஜ் எடுத்திருந்தால் வண்டி இந்நேரம் உங்கள் வாசலில் நிற்கும். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, நாலாயிரத்து எண்ணூறு கட்டினால் அடுத்த மாதமே எடுத்துவிடலாம். இல்லையென்றால் வருஷக் கடைசியோ ஜனவரியோ. முடிவு உங்களுடையது. நான் வற்புறுத்த மாட்டேன்.

வேறு ஒன்றும் விசேஷமில்லை.

ரபீக்

* * *

குளுவாங்
28 செப்டம்பர் 2025

தம்பிக்கு ஸலாம். நாங்கள் சுகம், உன் மச்சானுக்கு மட்டும் முட்டி வலி. உன் கடிதத்தைப் படித்துவிட்டு வலி தலைக்கு ஏறிவிட்டது என்கிறார்.

இரண்டு நாளாக வீட்டில் பெரிய வாய்ச்சண்டை. "காசக் குடுத்துத் தொலை சபீதா, புள்ள மழைல போவுது" என்கிறார் அவர். நான் மாட்டேன் என்றேன். நாலாயிரத்து எண்ணூறு வெள்ளி எங்களிடம் இல்லாமல் இல்லை. ஆனால் வரிசையில் முறையாக நின்றவளைப் பின்னால் தள்ளிவிட்டு, லஞ்சம் மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டு முன்னால் விடுவார்களாம், நான் சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டுமாம். இன்றைக்கு நான் கொடுத்தால் நாளைக்கு எனக்கு அடுத்து நிற்பவளிடம் ஆறாயிரம் கேட்பான். ஷாஸியாவும் என் பக்கம்தான். "மூணு மாசம்தானே மா, மழைச்சட்டை இருக்கு" என்றாள்.

நியாய விலைக்கு மேல் ஒரு காசு தரமாட்டேன் என்று உன் மகேஸ்வரனிடம் சொல்லிவிடு. பொறுத்தவருக்குப் பொன்னு. நாங்கள் காத்திருக்கிறோம். உனக்கு அங்கே தலைக்குனிவு வந்துவிட்டதோ என்பது ஒன்றுதான் எனக்கு வருத்தம். நீ எனக்காகப் பேசினது போதும், மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

பிள்ளைகளுக்கு முத்தம்.

சபீதா

* * *

குளுவாங்
30 நவம்பர் 2025

தம்பி ரபீக்குக்கு ஸலாம். நீ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு ஷாஸியாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். சோறு சாப்பிடுகிறாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீயும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் பத்து நிமிஷத்தில் போய்விட்டாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குத்தான் உன்னைத் தேற்ற வேண்டும் போல் இருந்தது. சின்ன வயதிலிருந்தே உனக்கு இளகின மனசு.

நடந்ததை எழுதிவிடுகிறேன். பதினெட்டாம் தேதி காலை, நல்ல மழை. தோட்டத்து முச்சந்தியில் லாரிகள் இழுத்து வந்த செம்மண் ரோடு முழுக்கச் சேறாகக் கிடந்திருக்கிறது. குலை லாரி திரும்புவதைப் பார்த்து இவள் பிரேக் பிடித்திருக்கிறாள். மோட்டார் சறுக்கி, அவள் கால் மேலேயே விழுந்துவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிவு. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். லாரிக்காரர்தான் தூக்கி உட்காரவைத்து, தன் சட்டையைக் கழற்றிக் கட்டியிருக்கிறார். நடப்பாள், ஆனால் கொஞ்சம் சாய்த்துத்தான் நடப்பாள் என்று டாக்டர் சொன்னார். வேலையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், மூன்று மாதம் சம்பளம் கிடையாது.

ரபீக், அந்தக் கால் என்னால் முறிந்தது. செப்டம்பரில் நீ எழுதினாய். உன் மச்சான் கெஞ்சினார். நான்தான் நியாயம் பேசிக்கொண்டு நின்றேன். நாலாயிரத்து எண்ணூறு வெள்ளியைப் பிடித்து வைத்துக்கொண்டு பிள்ளையின் காலைக் கொடுத்துவிட்டேன். உன் மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சை நிறுத்தினவர் இன்னும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் செய்வது சரிதான்.

இனி யாருக்காக அந்தக் கார், தெரியவில்லை. புக்கிங்கை வைத்திருப்பதா விடுவதா, நீயே பார்த்துச் செய்.

சபீதா

* * *

பாசிர் கூடாங்
4 டிசம்பர் 2025
(எழுதி, அனுப்பாமல் மேசையில் வைத்துக்கொண்டது)

லாத்தா,

ஸலாம் எழுதிவிட்டு இதைத் தொடங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் மேல் குற்றம் இல்லை. மேலிடத்து உத்தரவு என்று நான் எழுதினேனே, அப்படி ஒரு உத்தரவே வரவில்லை.

ஷாஸியாவின் வண்டி செப்டம்பர் பன்னிரண்டாம் தேதியே வந்துவிட்டது. வெள்ளை நிறம், ஷோரூமுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன். உங்களுக்குச் சேதி அனுப்ப இருந்தேன். அன்றைக்கு மத்தியானம் ஒருவர் வந்தார். சிங்கப்பூரில் வேலை, மனைவிக்குப் பிரசவ நேரம், அந்த வாரமே வண்டி வேண்டும் என்றார். வரிசை ஆறு மாதம் என்றேன். கோப்பிக் காசு என்று மூவாயிரம் வெள்ளியை உறையில் போட்டு மேசை மேல் வைத்தார். இந்தத் தொழிலில் இது புதிதில்லை, லாத்தா. நான் இதற்கு முன்னாலும் வாங்கியிருக்கிறேன். யார் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுவது என்று பட்டியலைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் அந்நியர்கள். அவர்கள் மகேஸ்வரனிடம் போய்ப் புகார் செய்வார்கள், இணையத்தில் எழுதுவார்கள். நீங்கள் செய்யமாட்டீர்கள். சொந்தம்தானே, பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

உறவுக்காரர்கள் என்னிடம் வண்டி கேட்டால் எப்போதும் கடைசியில்தான் கொடுப்பேன். கோபித்துக்கொண்டாலும் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்ற தைரியம். அந்தக் காசில் வீட்டைக் குளிராக்க ஏர்கோன் வாங்கினேன். ஏர்கோன், லாத்தா.

ஆஸ்பத்திரியில் ஷாஸியா என்னைப் பார்த்து "மாமா, காரு எப்போ வரும்" என்று சிரித்தாள். அதைக் கேட்டுத்தான் நான் பத்து நிமிஷத்தில்...

* * *

பாசிர் கூடாங்
7 டிசம்பர் 2025

லாத்தாவுக்கு ஸலாம். ஷாஸியா குட்டி எப்படி இருக்கிறாள்? வலி குறைந்ததா?

ஒரு நல்ல செய்தி. இன்னொரு கிளையில் ஒருவர் புக்கிங்கை ரத்து செய்துவிட்டார். வெள்ளை நிறமே. இருபதாம் தேதிக்குள் குளுவாங் வந்து சேரும். பில்லில் மூன்று வரிதான், நாலாவது வரி இல்லை. ஆட்டோ கியர் என்பதால் ஓட்ட இடது கால் வேண்டியதில்லை. டாக்டர் சம்மதித்ததும் அவள் ஓட்டலாம்.

நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். விதி என்று ஒன்று இருக்கிறது. மச்சான் கொஞ்ச நாளில் சரியாகிவிடுவார்.

ரபீக்

* * *

குளுவாங்
18 ஜனவரி 2026

அன்புத் தம்பிக்கு லாத்தாவின் ஸலாம். நீயும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

கார் வந்துவிட்டது என்று மூர்த்தியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினேனே தவிர உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துக்கொள். ஒரு மாதமாகப் பேனாவை எடுத்தால் அழுகைதான் வருகிறது. மற்ற ஊர்களில் மார்ச் வரை வண்டி இல்லையாம். நீ எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அதுவும் பட்டியல் விலைக்கே கொடுத்திருக்கிறாய். நான் செய்த தப்பை நீ நிமிர்த்திவிட்டாய். ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காகக் கேட்கிறேன்.

ஷாஸியா ஊன்றுகோலை விட்டுவிட்டாள். வாசலில் காரை முன்னால் நாலடி, பின்னால் நாலடி ஓட்டிப் பழகுகிறாள். "மாமா இல்லேன்னா இந்தக் காரு வந்திருக்காது மா" என்று நாள் தவறாமல் சொல்கிறாள்.

உன் மச்சான் இன்னும் பேசவில்லை. மில்லில் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கிறோம். மிளகாய் மூட்டை எங்கே என்று கேட்கவும் ஷாஸியாவைக் கூப்பிட்டு, "ஓம் உம்மாகிட்ட கேளு" என்கிறார். இரண்டு மாதத்தில் ஐந்து வருஷம் வயசாகிவிட்ட மாதிரி இருக்கிறார். அவர் தட்டில் நான் வைக்கும் மீனை மறுக்காமல் சாப்பிடுகிறார், அதுவே எனக்குப் பெரிது.

பசாருக்குப் போனால் நான் இப்போது விலை கேட்பதில்லை. மீன்காரன் சொன்னதைக் கொடுத்துவிட்டு வருகிறேன். போன வாரம் அவனே பயந்துபோய், "லாத்தா, ஒடம்புக்கு என்னா? நான் ரெண்டு வெள்ளி கூட்டித்தானே சொன்னேன்" என்று மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன். நீ இங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

பதில் எழுது. உன் கடிதம் வந்தால்தான் இந்த வீட்டில் யாரோ என்னோடு பேசுகிற மாதிரி இருக்கிறது.

சபீதா

* * *

பாசிர் கூடாங்
17 மார்ச் 2026

லாத்தா, மச்சான், ஷாஸியா மூவருக்கும் நோன்புப் பெருநாள் வாழ்த்துகள். மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின். வெளியிலும் உள்ளத்திலும், அறிந்தும் அறியாமலும் நாங்கள் செய்த எல்லாப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் பெருநாள் விற்பனை, நிற்க நேரமில்லை. அதனால்தான் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. இந்தப் பெருநாளுக்கு குளுவாங் வர முடியாது போல் இருக்கிறது. பிள்ளைகள் கேட்டார்கள், அடுத்த வருஷம் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லாப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள், லாத்தா.

ரபீக்

* * *

குளுவாங்
29 மார்ச் 2026

தம்பிக்கு ஸலாம், பெருநாள் வாழ்த்து. உன் வீட்டாருக்குப் பலகாரம் அனுப்பியிருக்கிறேன். முறுக்கு உடையாமல் வந்ததா?

நீ இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். ஊரே அந்த நாளில் அதைத்தான் சொல்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, எதிர்க்கடைச் சீனர், பேங்க்கிலிருந்து வந்த மெசேஜ், எல்லாவற்றிலும் மாஆஃப் ஸாஹிர் பாத்தின். நானும் எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் பெருநாளுக்கு முந்தின ஜும்ஆவில் நம் பள்ளிவாசல் ஹஜ்ரத் பேசினதை ஷாஸியா வந்து எழுதிக் காட்டினாள். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன் மன்னித்தால்தான் உண்டாம். இன்னது செய்தேன் என்று சொல்லிக் கேட்க வேண்டுமாம். மொத்தமாகக் கேட்டுவிட்டுப் போனால் போதாதாம்.

அதனால் பெருநாள் காலையில் ஷாஸியாவின் கட்டிலில் உட்கார்ந்து, பெயர் சொல்லியே கேட்டேன். "செப்டம்பர்ல நான் காசக் கட்டாம விட்டேன், அதனால ஓங் காலு போச்சு, என்னைய மன்னிச்சிரு" என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். "ரோட்டுல சேறு மா, நீங்க என்னா பண்ணுவீங்க" என்றாள். பிறகு அவரிடம் போனேன். எல்லோருக்கும் ஸலாம் கொடுத்த கையை எனக்கும் கொடுத்தார். கண் மட்டும் வாசலைப் பார்த்தது. நான் கேட்க வந்ததைக் கேட்காமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உன் மச்சான் மூவாரில் அவர் தம்பி வீட்டில் போய் இருக்கப்போகிறாராம். அடுத்த வாரம். எத்தனை நாளைக்கு என்று ஷாஸியா கேட்டதற்கு, பார்க்கலாம் என்றாராம். மில்லை நான் ஒருத்தியாக ஓட்ட முடியாது, மூட வேண்டியதுதான். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது? இந்த ஒரு வருஷத்தில் எனக்கு நல்லது செய்தவன் நீ ஒருவன்தான்.

சபீதா

* * *

பாசிர் கூடாங்
2 ஏப்ரல் 2026

லாத்தா,

மூர்த்தியின் வேனுக்குக் காத்திருக்க முடியாது, குரியரில் அனுப்புகிறேன். மச்சான் மூவாருக்குக் கிளம்பும் முன் இதை அவர் கையிலும் கொடுங்கள்.

ஷாஸியாவின் கார் செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி வந்தது. மூவாயிரம் வெள்ளி வாங்கிக்கொண்டு அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். பேக்கேஜ் எடுத்தவர்களுக்கு முதலில் என்று உத்தரவு எதுவும் இல்லை. மகேஸ்வரன் உங்களுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நான்தான் காப்பாற்றவில்லை. நீங்கள் பேக்கேஜ் எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும் இதேதான் நடந்திருக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. இப்போதாவது காசு கட்டுகிறீர்களா என்று செப்டம்பரில் கேட்டு எழுதினேன். நீங்கள் மறுப்பீர்கள் என்று தெரிந்தே எழுதினேன். சரி என்று சொல்லியிருந்தால் கொடுக்க என்னிடம் வண்டியே இல்லை, அடுத்து வர இருந்ததெல்லாம் மற்றவர்கள் பெயரில் இருந்தது. உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியும். மறுத்துவிட்டால் தாமதம் உங்கள் பொறுப்பாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். உங்கள் நேர்மையை எடுத்து என் தப்பை மூடிக்கொண்டேன். ஷாஸியா விழுந்த பிறகும், நீங்கள் அழுது எழுதின பிறகும் வாய் திறக்கவில்லை. டிசம்பரில் ஒரு கடிதம் எழுதிவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன். வேறு கிளையில் பட்டியல் விலைக்கு மேல் கேட்டதை என் கையிலிருந்து கொடுத்து ஒரு காரைப் பிடித்து அனுப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நீங்கள் எனக்காகத் தொழுவதாக எழுதினீர்கள்.

மச்சான் உங்களோடு பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் என்னால். இதைச் சொல்லித்தான் மன்னிப்புக் கேட்கிறேன். மன்னிக்க வேண்டும் என்று கேட்கத் தைரியம் இல்லை. அவரைப் போகவிடாதீர்கள்.

ரபீக்

* * *

குளுவாங்
19 ஏப்ரல் 2026

ரபீக்குக்கு ஸலாம். நாங்கள் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் வந்த அன்று அவர் பெட்டி கட்டி மில் கதவோரம் வைத்திருந்தார். நான் மில்லில் நின்றே படித்தேன். படித்துவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். மெஷினை நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "அஞ்சு மாசம் ஒன்ன சும்மா வதைச்சிட்டேனே, சபீதா" என்றார். என் காதுக்குக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னார். மிளகாய் வாங்க வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்.

இத்தனை நாள் உனக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் மறுநாள்தான் வந்தது. கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். என் பிள்ளையின் கால் என்னால் முறியவில்லை என்ற சந்தோஷம். குற்றம் தம்பியுடையது என்று தெரிந்ததும் வாய்விட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றேன். கூடப்பிறந்தவன் குழியில் கிடப்பதைப் பார்த்து இப்படி ஒரு சந்தோஷமா என்று அன்றிலிருந்து வெட்கம் பிடுங்குகிறது. அதை உனக்கு எழுதாமல் மறைத்தால் நானும் உன்னைப் போலத்தான். நீ சொல்லிவிட்டாய், நானும் சொல்லிவிட்டேன்.

வரிசையில் என் பெயரை எடுத்துவிட்டதை மன்னித்துவிட்டேன். உன் மச்சான் பேசாத அந்த நாட்களை இன்னும் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்கிறேன். முடிந்துவிட்டது என்று பொய் எழுதமாட்டேன்.

கால் என்னுடையது இல்லை, அதற்கு நான் மன்னிப்புத் தர முடியாது. ஷாஸியாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லிவிடலாம் என்றார். அது நம் வாயால் வரக்கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். அவள் உன்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் முதல் முறையாகச் செடெனாக் வரை தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்து, மாமாவுக்கு ஃபோட்டோ அனுப்ப வேண்டும் என்றாள்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு ஷிஃப்ட் இல்லை. உன் காரில் வராதே, ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு அவளே வந்து உன்னை ஏற்றிக்கொள்வாள், சொல்லி வைத்திருக்கிறேன். வீடு வர இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் சொல்லிவிடு.

வஸ்ஸலாம்.

சபீதா